இஞ்சுக்குப் பத்து எழுத்து

உக்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும், சொவத்தோரமா சாஞ்சு உக்காருங்க. பிரிண்டரு உள்ள இருக்குதுங்க, துணி போட்டு மூடி வெச்சிருக்கேன். லாரி ஆபீசுக்குத்தான வேணும்னீங்க, ரசீது அடிக்க? நல்லா அடிக்கும்ங்க. கார்பன் வெச்சு மூணு தாள் போட்டாலும் கடைசித் தாள்ல எழுத்துத் தெளிவா உழுகும். மிஷின்ல ஒரு குத்தமும் கெடையாது. அதை நான் இப்பவே சொல்லிப்போடறேன். ஏன்னா நீங்க வெளிய எறங்கி ஒரு டீ குடிச்சீங்கன்னா, டீக்கடைக்காரன் வேற கதை சொல்லுவான். "சென்னியப்பன் கடை பிரிண்டரா? அது செவ்வாயை எடம் மாத்தி வெக்கற மிஷினாச்சே"ன்னு சிரிப்பான். இந்தத் தாராபுரத்துல அத்தனை பேருக்கும் நாக்கு நீளங்க.

அதனால எங்கிட்டயே கேட்டுக்குங்க. நடந்ததை நடந்தபடி சொல்றேன்.

நாலு வருசம் இது ஜாதகக் கடைங்க. கம்ப்யூட்டர் ஜாதகம். பொறந்த தேதி, நேரம், ஊரு சொன்னாப் போதும், கால் மணி நேரத்துல எட்டுப் பக்கம் கையில. தாளு சாதாரணத் தாளு இல்ல. சிவகாசியில சொல்லி அடிச்சு வாங்கினது, சுத்தியும் மஞ்சக் கரை, மேல புள்ளையாரு, நடுவுல ராசிக் கட்டம். கட்டம் முன்னாடியே அச்சுல இருக்கும். பன்னெண்டு வீடு. ஒவ்வொரு வீடும் சரியா ஒரு இஞ்சு. நம்ம பிரிண்டரு அந்தந்த வீட்டுக்குள்ள கிரகத்தோட பேரை மட்டும் அடிக்கோணும். சூரியன்னா 'சூ', புதன்னா 'பு', சுக்கிரன்னா 'சுக்', செவ்வாய்னா 'செவ்'. அவ்வளவுதானுங்க வேலை.

அந்த வேலைக்கு ஒருத்தி இருந்தா. மரகதம். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணினவ, புருசன் லேத் பட்டறையில இருக்கறான். வந்த புதுசுல அடக்கமாத்தானுங்க இருந்தா. பிரிண்டரு கூட ஒரு புஸ்தகம் வரும் பாருங்க, தலகாணி மாதிரி, இங்கிலீசுல. அதை யாராவது படிப்பாங்களா? இவ படிச்சா. மத்தியானம் சோத்து டப்பாவைத் தொறந்து வெச்சுக்கிட்டு இன்னொரு பக்கம் அந்தப் புஸ்தகத்தைத் தொறந்து வெச்சுக்குவா. படிச்சுப்போட்டு, எழுத்தோட அகலத்தை மாத்தறதுக்கு மிஷினுக்கு அனுப்பற நம்பரையெல்லாம் கண்டுபிடிச்சா. இருபத்தேழு, எழுபத்தேழுன்னு அனுப்பினா இஞ்சுக்குப் பன்னெண்டு எழுத்து உழுகும். இருபத்தேழு, எண்பதுன்னா இஞ்சுக்குப் பத்து எழுத்து, அகலமா. இருபத்தேழு, முப்பத்திரண்டு, அப்புறம் ஒரு நம்பரு போட்டா எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவுல எடைவெளி கூடும். பதினஞ்சுன்னா எல்லாம் ஒடுங்கி எறும்பாட்டம் உழுகும். பதினெட்டுன்னா பழையபடி ஆயிரும். அவ ஃபைலைப் பாத்துப் பாத்து எனக்கும் இந்த நம்பரெல்லாம் இப்ப மனப்பாடம். அப்பத் தெரியாது. தெரியாதுன்னா என்ன, மொதலாளிக்கு எதுக்குத் தெரியோணும்?

ஆனா கடைக்கு வர்றவிய என்ன பண்ணினாங்க தெரியுங்களா? வாசல்ல நின்னு எட்டிப் பாத்துப்போட்டு, "அந்த அம்மிணி இல்லீங்களா? அப்ப நாளைக்கு வர்றோம்"னு திரும்பிப் போனாங்க. போர்டுல எம் பேரு. வாடகை குடுக்கறவன் நானு. நான் மலையாட்டம் உக்காந்திருக்கேன். என்னைப் பாத்து, அம்மிணி இல்லீங்களாங்கறாங்க. உங்களுக்கு எப்படி இருக்கும்? சொல்லுங்க.

இதுல எதிர்த்தாப்ல ஒருத்தன் கடை போட்டான். அவன் ஜாதகத்துல எழுத்து கொட்டை கொட்டையா இருக்கும். கண்ணு மங்கின கெழவனுங்க கூட கண்ணாடி இல்லாமப் படிச்சாங்க. ஒருத்தர் எங்க தாளை மூக்குக்கிட்ட வெச்சுப் பாத்துப்போட்டு, "இதென்னுங்க, கொசு ஒக்காந்தாப்ல இருக்குது"ன்னாரு. எனக்கு எரிஞ்சுது. மரகதத்துகிட்டச் சொன்னேன், அகலத்தைக் கூட்டு, எடைவெளியையும் கூட்டு, எழுத்து பளிச்சுன்னு நிக்கோணும்னு.

அவ ஸ்கேலை எடுத்துட்டு வந்தா. எனக்கு அந்த ஸ்கேலைப் பாத்தாலே ஆகாதுங்க. கட்டத்து மேல வெச்சுக் காட்டறா.

"அண்ணா, ஒரு வீடு ஒரு இஞ்சு. இப்ப பன்னெண்டு எழுத்து நிக்குது. பத்துக்கு மாத்தி எடைவெளியும் போட்டா எட்டோ ஒம்பதோதான் நிக்கும். மூணு கிரகம் வரைக்கும் பரவால்ல. ஒரே வீட்டுல நாலு கிரகம் வந்தா கடைசிக் கிரகம் கோட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போயிருங்ணா."

"நாலு கிரகம் ஒண்ணாக் கூடற ஜாதகம் எத்தனை வரும்?"

"எத்தனை வந்தா என்னங்ணா, வர்றது ஒருத்தரோட ஜாதகந்தானுங்க."

பதில் சொல்றதைப் பாருங்க. சரின்னு ஒரு வழி பண்ணினா. எல்லா வீடும் அகலமா உழுகும், நாலு கிரகம் இருக்கற வீடு மட்டும் ஒடுக்கி உழுகும், அப்படின்னு எழுதி வெச்சா. நல்லாத்தான் ஓடுச்சு. ஆனா ஒரு நாளு ஒருத்தர் வந்து, "எம் பையன் ஜாதகத்துல இந்த ஒரு வீடு மட்டும் ஏனுங்க பொடி எழுத்து? எதையாச்சும் மறைக்கறீங்களா?"ன்னு கேட்டுப்போட்டாரு. நாலு பேரு முன்னால. நான் மரகதத்தை அங்கியே வெச்சுச் சத்தம் போட்டேன். அந்த ஒடுக்கறதைத் தூக்கு, எல்லாம் ஒரே மாதிரி இருக்கோணும்னு.

"நான் தூக்க மாட்டனுங்க. வேணும்னா நீங்களே தூக்கிக்குங்க"ன்னா.

பொட்டச்சிக்கு அவ்வளவு திமிரு. கேட்டுக்கிட்டு நின்னேன் பாருங்க, என்னைச் சொல்லோணும்.

மாசி மாசம் ஒரு நாளு அவ லீவு. கொழந்தைக்கு அம்மை வாத்திருக்குதுன்னா. நல்லதாப் போச்சுன்னு நான் உக்காந்தேன். அவ நம்பரெல்லாம் போட்டு வெச்சிருந்த ஃபைலைத் தொறந்தேன். எங்கெங்க பதினஞ்சுன்னு அந்த ஒடுக்கற நம்பரு இருக்குதோ அந்த வரியெல்லாம் அழிச்சேன். அழிச்சுப்போட்டு ஒண்ணு அடிச்சுப் பாத்தேன். அடடா, எழுத்து தேங்காப் பத்தையாட்டம் நிக்குது! இதுக்குப் போயி இவ இத்தனை நாளாப் புஸ்தகம் படிச்சாளான்னு சிரிச்சேன்.

அன்னைக்குத்தான் மாரப்பண்ணன் வந்தாரு. குண்டடம் பக்கம் தோட்டம், மொளகாயும் வெங்காயமும் போடறவரு. வெள்ளந்தி. மகளுக்குச் சம்பந்தம் வந்திருக்குது, பழைய ஜாதக நோட்டுல கரையான் ஏறிப்போச்சு, புதுசா வேணும்னாரு. மக பேரு வசந்தாமணி. எம்பத்தொண்ணு சித்திரை மாசம், பொழுது உழுந்து எட்டு மணிக்குப் பொறந்தது. அடிச்சுக் குடுத்தேன். அஞ்சு காப்பி கேட்டாரு, அஞ்சும் நானே அடிச்சேன். தாளைத் தடவித் தடவிப் பாத்தாரு. "எழுத்து லட்சணமா இருக்குதுங்க தம்பி"ன்னாரு. மரகதம் இருந்தப்ப ஒருத்தனும் எங்கிட்ட அப்படிச் சொன்னதில்லீங்க.

சம்பந்தம் மூலனூர்ல. மாப்பிள்ளை நல்லசிவம், பள்ளிக்கோடத்து வாத்தியாரு. பொண்ணும் பையனும் கோயில்ல வெச்சுப் பாத்து, ரெண்டு பேருக்கும் புடிச்சுப்போச்சு. பையனோட அம்மா தங்காத்தா மட்டும் ஜாதகத்தை ஒரு பார்வை பாத்துக்கறேன்னுச்சாம். சும்மா சாத்திரத்துக்கு. பாத்த ஜோசியரு கட்டத்துல விரலை வெச்சுப்போட்டாரு. பொண்ணுக்கு விருச்சிக லக்னம், ஏழாம் வீட்டுல செவ்வாய் தனியா உக்காந்திருக்குது, பையனுக்குத் தோஷம் இல்ல, கட்டினா பையன் உசுருக்கே ஆகாதுன்னுட்டாரு.

அவ்வளவுதானுங்க. தங்காத்தா ஒரு வாரத்துல ஜாதகத்தைத் திருப்பி அனுப்பிச்சு.

எனக்கு இது அப்பவே காதுக்கு வந்துச்சு. கிரகம் அப்படின்னு விட்டுட்டேன். எனக்கெப்படித் தெரியும்? மாரப்பண்ணன் மீதி நாலு காப்பியையும் நாலு பக்கம் குடுத்தாரு. நாலும் திரும்பி வந்துச்சு. கடைசியில தோஷத்துக்குத் தோஷம் பாத்தாத்தான் ஆகும்னு எவனோ சொல்ல, வெள்ளகோயில்ல ஒரு ஆளைப் புடிச்சாங்க. அவனுக்கு முப்பத்தெட்டு வயசு. மொத சம்சாரம் அவன் அடி தாங்காம கெணத்துல உழுந்து பொழைச்சு, அம்மாவூட்டுக்குப் போனவ போனவதான். ஆனா செவ்வாய் இருக்குது பாருங்க, பொருத்தம். வசந்தாமணிக்கு இருபத்தொண்ணு. நாளு குறிக்கற வரைக்கும் வந்தாச்சு.

நாலு கை பட்டுத் திரும்பி வந்த தாளு ஆகாதுன்னு, அந்த வெள்ளகோயில்காரன் அவனுக்குன்னு புதுசா ஒரு காப்பி கேட்டிருக்கறான். மாரப்பண்ணன் மறுபடியும் கடைக்கு வந்தாரு. அன்னைக்கு மரகதம் இருந்தா. நான் அழிச்ச வரியெல்லாம் அவ வந்ததுமே திரும்பப் போட்டுக்கிட்டா, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம. அதையும் நான் அப்புறந்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அவ அடிச்சா. அடிச்ச தாளையும் அவரு மாதிரிக்குக் கொண்டாந்த பழைய தாளையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா. ரெண்டாம் பக்கத்தைப் பொரட்டினா. அங்க ஒவ்வொரு கிரகமும் எந்த ராசியில எத்தனை பாகைன்னு பட்டியலே இருக்கும். கட்டத்தைப் பாக்கற ஜோசியருக அந்தப் பக்கத்தைப் பொரட்டறதே இல்ல. மறுபடியும் முன்னால பொரட்டினா.

"அண்ணா, சித்தெ உள்ள வாங்க"ன்னா.

உள்ள வந்ததும் ரெண்டு தாளையும் நீட்டறா. "மேஷத்துல நாலு கிரகங்ணா. சூரியன், புதன், சுக்கிரன், செவ்வாய். பட்டியல்ல செவ்வாய் மேஷம்னுதான் இருக்குது. லக்னத்துக்கு ஆறாம் வீடு. தோஷமே இல்ல. நீங்க அடிச்சதுல எடம் பத்தாம செவ்வாய் கோட்டைத் தாண்டி ரிஷபத்துல உழுந்திருக்குது. அது ஏழாம் வீடு. அந்தப் புள்ளைக்குச் செவ்வா தோஷம் நம்ம பிரிண்டரு குடுத்ததுங்ணா."

நம்ம பிரிண்டராம்.

நான் நிதானமாத்தான் சொன்னேன். "இதப் பாரு மரகதம், அங்க நாளே குறிக்கப் போறாங்க. இப்பப் போயி இதைச் சொன்னா ரெண்டு குடும்பத்துலயும் கலகம். நீ அந்தப் புதுத் தாளைக் கிழிச்சுப் போடு. பழைய தாளு எப்படி இருக்குதோ அதே மாதிரி ஒண்ணு அடி. ரெண்டும் ஒத்துப்போகும், அவரும் நிம்மதியாப் போவாரு."

அவ என்னைப் பாத்த பார்வை இருக்குதே. சாணியை மிதிச்சவ கீழ பாக்கற மாதிரி. புதுத் தாளை எடுத்துக்கிட்டு நேரா வெளிய போயி மாரப்பண்ணன் கையில குடுத்து எல்லாத்தையும் சொல்லிப்போட்டா. என்ற கடையில நின்னுக்கிட்டு, என்ற கடைக்கே கொள்ளி வெச்சா. இதுக்கு என்ன பேருங்க?

மாரப்பண்ணன் கத்துவாருன்னு நெனச்சேன். கத்தல. பெஞ்சுல உக்காந்து, தலையில கட்டியிருந்த துண்டை அவுத்து மடியில வெச்சுக்கிட்டு, ரொம்ப நேரம் அந்தக் கோட்டையே பாத்தாரு. அப்புறம் எங்கிட்ட வந்தாரு.

"தம்பி, ஒரு ஒத்தாசை. மூலனூருக்கு என்கூட ஒரு நடை வாங்க. அந்த வாத்தியாருப் பையன் இன்னும் வேற எடம் பாக்கலையாம். நான் மட்டும் போயிச் சொன்னா நம்ப மாட்டாங்க. தோஷத்தை மறைக்கறதுக்குப் புதுசா அடிச்சுட்டு வந்துட்டான்னுதான் சொல்லுவாங்க. கடைக்காரரு நீங்க வந்து, எழுத்து தள்ளி உழுந்துருச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"அதெப்படீங்க? இத்தனை வருசத்துல ஆயிரக்கணக்கா ஜாதகம் குடுத்திருக்கேன். இது தப்புன்னு நானே சொன்னா அத்தனையும் தப்புன்னு ஆகாதா? ஒரு பொண்ணுக்காக நான் கடையை மூட முடியுங்களா?"

"ஒரு பொண்ணுதானுங்க தம்பி எனக்கு இருக்குது"ன்னாரு.

நான் வாடிக்கையாளருக்கு ரசீது எழுதற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன். போயிட்டாரு.

ரெண்டு நாளு கழிச்சு அந்தப் புள்ளையே வந்துச்சு. வசந்தாமணி. ஒல்லியா, வெயில்ல வேலை செஞ்ச நெறம், தோட்டத்துல இருந்து நேரா வந்தாப்ல கையில வெங்காயத் தாள் வாசம். கூட யாரும் இல்ல. மேசை மேல ரெண்டு தாளையும் விரிச்சு வெச்சுச்சு.

"ஏனுங்க, இதுல எது என்ற ஜாதகம்?"

நான் சொன்னேன், "ரெண்டும் உன்றதுதான் அம்மிணி. எழுத்து அகலந்தான் வேற."

அது சிரிக்கல. அழுகவும் இல்ல. "அஞ்சு பேரு வந்து என்னையப் பாத்துட்டுப் போனாங்க. அஞ்சு பேரும் போறப்ப எங்கம்மாவை ஒரு மாதிரிப் பாத்தாங்க. புருசனைத் தின்னப் போறவளைப் பெத்தவன்னு. எங்கம்மா மூணு மாசமா ஒறம்பர, சொந்தம்னு ஒருத்தர் ஊட்டு விசேசத்துக்கும் போறதில்ல. நான் செவ்வாக்கெழமை செவ்வாக்கெழமை பச்சத் தண்ணி குடிக்காம வெளக்குப் போட்டேன். எல்லாம் இந்தக் கோட்டுக்காகத்தானுங்களா?"

"அம்மிணி, அது மிஷின்..."

"அடிச்சது யாருங்க?"

உள்ள மரகதம் இருந்தா. டைப் அடிக்கற சத்தம் நின்னுபோச்சு. நான் என்ன சொல்லியிருக்கோணும்ங்கறீங்க? வயசுல பாதி இருக்கற புள்ளைகிட்டப் போயி? "கடையில அடிச்சது"ன்னேன். அதுல பொய் இல்லையே. கடையிலதான அடிச்சது.

அந்தப் புள்ள ரெண்டு தாளையும் மடிச்சு எடுத்துக்கிட்டுப் போச்சு.

அன்னைக்கு மத்தியானம் மரகதம் சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டா. ஸ்கேலையும் எடுத்துட்டுப் போயிட்டா. நேரா குண்டடம் போயி, மாரப்பண்ணனைக் கூட்டிக்கிட்டு, மூலனூர் பஸ் ஏறியிருக்கறா. அங்க நடந்ததெல்லாம் அவரு சொல்லித்தானுங்க எனக்குத் தெரியும்.

தங்காத்தா வாசல்லயே நிறுத்திச்சாம். மரகதம் ரெண்டாம் பக்கத்துப் பட்டியலைக் காட்டியிருக்கறா. ஸ்கேலை வெச்சு, இந்த எழுத்து இத்தனை அகலம், இத்தனை எடைவெளி, இங்க முடியோணும், இங்க முடிஞ்சிருக்குதுன்னு சொல்லியிருக்கறா. நல்லசிவம் வாத்தியாரு, கணக்கு வாத்தியாருங்க அந்தப் பையன், அவனுக்கு ஒடனே புரிஞ்சுபோச்சு. ஆனா அந்தம்மா விடுமா?

"மிஷின் தானாவா தப்புப் பண்ணும்? எவனோ ஒருத்தன் கை வெச்சுத்தான ஓட்டினான்? யாருன்னு சொல்லு. அந்த ஆளு வந்து எம் முன்னால ஒத்துக்கட்டும். அப்ப நம்பறேன்."

மாரப்பண்ணன் எம் பேரைச் சொல்ல வாயெடுத்தாராம். சொன்னா, அந்த ஆளைக் கூட்டிட்டு வான்னு தங்காத்தா சொல்லும். நான் போக மாட்டேன்னு ரெண்டு பேருக்கும் தெரியும். அதுக்குள்ள மரகதம் சொல்லிட்டா.

"நான்தானுங்க அடிச்சேன். எம் மேலதான் தப்பு."

பாத்தீங்களா? நாலு பேரு முன்னால. அவ வாயால. நான் சொல்லச் சொல்லல, என்னையக் கேக்கவும் இல்ல. தங்காத்தா அவளை உண்டு இல்லைன்னு ஆக்கிருச்சாம். "நீயும் ரெண்டு புள்ளை பெத்தவதான? கவனமில்லாம ஒரு பொண்ணு வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டியே, உன்ற கை வெளங்குமா?"ன்னு, தெருவே கூடி நிக்க. ஒரு வார்த்தை எதுத்துப் பேசாம நின்னாளாம். எங்கிட்ட எத்தனை வாய் பேசினவ! அங்க போயி வாயை மூடிக்கிட்டு நின்னாளாம்.

அந்தம்மா மனசு எறங்கிச்சு. சம்பந்தம் திரும்பி வந்துச்சு. வெள்ளகோயில்காரன் வீட்டுக்குத் தட்டைத் திருப்பி அனுப்பிச்சாங்க.

நான் மறுநாளே மரகதத்தை நிறுத்திட்டேன். பின்ன? தப்புப் பண்ணினேன்னு ஊரறிய ஒத்துக்கிட்டவளை வேலைக்கு வெச்சிருந்தா என்ற கடைக்கு என்ன மரியாதை? சோத்து டப்பாவை மட்டும் எடுத்துக்கிட்டுப் போனா. அப்புறம் ஒரு அச்சாபீஸ்ல வேலை கேட்டிருக்கறா, "ஜாதகத்தைத் தப்பா அடிச்சவதான நீ"ன்னு அனுப்பிச்சுட்டாங்களாம். ஒரு ஸ்கூல்ல கேட்டிருக்கறா, அங்கியும் அதே. அதுக்கு நான் என்னுங்க பண்றது? நானா ஒத்துக்கச் சொன்னேன்?

கேளுங்க, அதோட முடிஞ்சுதா? மரகதம் போனதும் கடைக்கு நல்ல காலம்னு பாத்தா, வர்றவனெல்லாம் ஸ்கேலோட வர்றான்! "எங்களுதை ஒருக்கா அளந்து பாத்துச் சொல்லுங்க"ங்கறான். ஒருத்தனுக்குக் குரு எடம் மாறியிருக்குதாம், ஒருத்திக்குச் சனி கோட்டு மேலயே உக்காந்திருக்குதாம். இதையெல்லாம் யாரு கத்துக் குடுத்திருப்பா? அவதான். பின்னால இருந்து தூண்டி விட்டிருக்கறா. அந்தப் புஸ்தகத்தை எடுத்து நானே படிக்கலாம்னு பாத்தேன், ஒரு வரி ஏறல. அகலத்தைக் கொறைச்சா ஒரேடியா எறும்பாட்டம் உழுகுது, கூட்டினா வீடு தாண்டுது. ஒரே மாசத்துல ஷட்டரைப் பாதி எறக்கிட்டேன். அப்புறம் முழுசா.

கல்யாணம் ஆவணியில. மாரப்பண்ணனே நேர்ல வந்து, தட்டுல வெத்தலை பாக்கோட பத்திரிகை வெச்சாரு. எனக்கு ஆச்சரியங்க. சரி, மனுசனுக்கு மருவாதி தெரியுதுன்னு நெனச்சேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, புதுசா ஒரு துண்டும் வாங்கிப் போட்டுக்கிட்டுப் போனேன். மூலனூர் மண்டபம். நல்ல கூட்டம். முன்னால வரிசையில, பொண்ணு வீட்டு ஒறம்பரக்காரங்க நடுவுல, மரகதம் உக்காந்திருந்தா. தங்காத்தா அவளைக் கண்டும் காணாம மொகத்தைத் திருப்பிக்கிட்டுப் போறதையும் பாத்தேன். தாலி கட்டி முடிஞ்சதும் வசந்தாமணி மாலையோட எறங்கி வந்து அவ கையை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு விடாம நின்னுச்சு. என்னவோ சொல்லுச்சு. எனக்குக் கேக்கல. மேளச் சத்தம்.

என்னைப் பாத்துச்சு, பாத்த மாதிரியே காட்டிக்கல.

பந்திக்கு எழுந்தேன். இலை போட்டாச்சு. தண்ணி தெளிச்சு, இனிப்பு வெச்சுட்டாங்க. அப்ப மாரப்பண்ணன் பக்கத்துல வந்து குனிஞ்சாரு.

"தம்பி, உங்களை எதுக்குக் கூப்பிட்டேன்னு சொல்லிப்போடறேன். பாயசம் ஊத்தறதுக்குள்ள தங்காத்தா இந்தப் பக்கம் வரும். எங்க ஒறம்பரயும் அவிய ஒறம்பரயும் எல்லாம் இங்கதான் இருக்கறாங்க. எந்திரிச்சு நின்னு, அன்னைக்கு அடிச்சது நான்தான், அந்த அம்மிணி இல்லைன்னு ஒரே வார்த்தை சொல்லிப்போடுங்க. கல்யாணம் முடிஞ்சுபோச்சு, இனி அதனால எங்களுக்கு ஒண்ணும் ஆகாது. உங்களுக்கும் கடை இல்ல, போறதுக்கு ஒண்ணும் இல்ல. அவளுக்குத்தான் ஊரெல்லாம் பழி. வேலை கெடைக்காம அலையறா. எடுக்க முடிஞ்ச ஆளு நீங்க ஒருத்தர்தான்."

மெதுவாத்தான் சொன்னாரு. மெரட்டல. கண்ணுல தண்ணி. மகளைக் கட்டிக் குடுத்த அன்னைக்கு அப்பனுக்கு வர்ற தண்ணிதான்னு நெனச்சுக்கிட்டேன்.

தலையைத் தூக்கிப் பாத்தேன். மூணு இலை தள்ளி மரகதம். அவ இதைக் கேட்டிருக்க மாட்டா. பக்கத்துக் கொழந்தைக்குச் சோறு பெசைஞ்சு குடுத்துக்கிட்டு இருந்தா. அந்தக் கடைசியில இருந்து தங்காத்தா நெய்க் கிண்ணத்தோட ஒவ்வொரு இலையா வந்துக்கிட்டு இருந்துச்சு. ஒவ்வொரு இலையா. எனக்கு முன்னால ஆறு பேரு. அஞ்சு பேரு.

"சொல்றனுங்க, சொல்லாம என்ன"ன்னேன். "சித்தெ கையைக் கழுவிட்டு வந்தர்றேன்."

"சாப்பிடவே இல்லீங்களே தம்பி?"

"பிசுபிசுன்னு இருக்குதுங்க."

மண்டபத்துக்குப் பின்னால கை கழுவற எடம். கழுவினேன். நல்லாத் தேச்சுக் கழுவினேன். அங்கிருந்து ஒரு சந்து, சந்தைத் தாண்டினா மெயின் ரோடு. தாராபுரம் பஸ் ஒண்ணு கிளம்பறதுக்கு ஹாரன் அடிச்சுக்கிட்டு நின்னுச்சு. நான் ஒண்ணும் நெனைக்கலீங்க. காலு தானா ஏறிருச்சு. உக்காந்து பாக்கறேன், வெரல்ல இனிப்பு ஒட்டின தடம் கூட இல்ல, சுத்தமா இருக்குது கை.

அவங்க எல்லாரும் பாயசத்தோட சாப்பிட்டிருப்பாங்க. மரகதம் சாப்பிட்டிருப்பா. போட்ட இலையில இருந்து எந்திரிச்சு, ஒரு வாய் சோறு இல்லாம, அந்த வெயில்ல பசியோட வந்தவன் நானுங்க. அதை ஒருத்தர், ஒரே ஒருத்தர், இன்னைக்கு வரைக்கும் கேக்கலீங்க.